பயிரோட தள்ளுன வரப்பு

அதுக்கப்பறம் அந்த சீர்காழிப் பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போனவதான், திரும்பல. மாமியார்காரி என்னடான்னா, மருமவ வேலைக்குப் போறா, வேலைக்குப் போறான்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறா. வேலைக்குப் போறவ பீரோவக் காலி பண்ணிட்டா போவா? சரி, நமக்கெதுக்கு. வா நிர்மலா, உள்ள வா. கூட யாரு, ஒன்னோட ஸ்டுடியோவுல சேந்த பொண்ணா? வாம்மா, அந்த மொறத்த நவுத்திட்டு உக்காரு. பக்கத்து வீட்டு ஆளுன்னாலும் இவ எனக்கு மவ மாதிரி. இவகூட வேலை பாக்குறவன்னா நீயும் அப்படித்தான்.

நிர்மலா, ஒங்கம்மா ரேஷன் கடையில சொன்னா. நேத்து கம்ப்யூட்டர்ல என்னமோ பொட்டி வந்துச்சாம், நீ படிக்காமயே சரின்னு அமுக்கிட்டியாம், அதுக்கு ஒங்க ஸ்டுடியோ மொதலாளி ஒன்னத் திட்டுனாராம், நீ ராத்திரி சோறு திங்கலையாம். எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்பறம் வீட்டுக்கு வந்து உக்காந்தேன், சிரிப்பு போச்சு. நானும் ஒரு ஸ்டுடியோவுல இருந்துக்கிட்டு அமுக்குனவதான். ஆனா நீ படிக்கத் தெரிஞ்சு படிக்காம அமுக்குன. நான் வேற.

எந்த ஸ்டுடியோன்னு கேக்குறியா? இப்ப செருப்புக் கடை இருக்கு பாரு, அது மாடியில. பதினோரு வருசம் இருந்தேன். ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டுப் போவாங்கல்ல, கோயில் கும்பாபிஷேகம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இன்னாரு தவறிட்டாரு, அடக்கம் இத்தன மணிக்குன்னு. அந்தக் குரல்ல பாதி என் குரல்தான். மொதலாளி என்னை எப்புடி வேலைக்கு எடுத்தாருன்னா, எங்க ஊர்ல வாத்து ஓட்டிக்கிட்டு வந்தவன் எங்க நாத்தங்கால்ல எறக்கிட்டான். நான் இந்தக் கரையில நின்னு அவன் வம்சத்தையே கூப்புட்டேன். மொதலாளி அந்தக் கரையில பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தாரு. ஆத்துத் தண்ணி ரெண்டு கரையும் போவுது, அப்பயும் நான் சொன்ன ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பல. அடுத்த வாரம் ஆளு தேடி வந்துட்டாரு. வாத்துக்காரனுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்.

எனக்குப் படிப்பு கெடையாது, அது மொதலாளிக்குத் தெரியும். எண்ணு தெரியும், பஸ் நம்பர் தெரியும், அவ்வளவுதான். வெளியில யாருக்கும் தெரியாது. விளம்பரம் குடுக்க வர்றவங்க தாள நீட்டுவாங்க. நான் வாங்கி ஒரு பார்வ பாத்துட்டு, "நீங்களே ஒரு தடவ வாசிங்க சார், பேரெல்லாம் ஒங்க வாயால கேட்டாத்தான் எனக்கு உச்சரிப்பு சரியா விழும்"ம்பேன். அவங்க வாசிப்பாங்க. ஒரு தடவ கேட்டா எனக்குப் போதும். தாளக் கையில புடிச்சுக்கிட்டு கண்ண அதுல ஓட்டிக்கிட்டே சொல்லிருவேன். அம்மா நல்லா வாசிக்கிறாங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு அது குளுகுளுன்னு இருக்கும். அந்தக் குளுகுளுப்புதான் கெடுத்துச்சு.

அப்ப ஊரே வெளிநாடு போய்க்கிட்டு இருந்த காலம். தெருவுக்கு நாலு பாஸ்போர்ட்டு. மொதலாளியும் மைக் செட்ட வித்துட்டு, கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி வச்சுட்டு, அவரு மச்சான் கூப்புட்டான்னு சிங்கப்பூர் போயிட்டாரு. போறப்ப, "அக்கா, செவப்பு வட்டம் அமுக்குனா பதியும், சதுரம் அமுக்குனா நிக்கும். மத்தத மன்னார்குடித் தம்பி சொல்லிக் குடுப்பாரு"ன்னாரு.

மன்னார்குடித் தம்பின்னா அந்தக் கம்ப்யூட்டர மாட்டிக் குடுத்த ஆளு. முப்பது வயசு இருக்கும், அடர்த்தியா மீச, சத்தமே இல்லாமப் பேசுவாரு. அவருதான் உள்ள இருக்குற தட்ட மூணாப் பிரிச்சாரு. ஹார்டு டிஸ்க்குன்னு ஒங்களுக்குத் தெரியும். எதுக்குத் தம்பி பிரிக்கிறீங்க, ஒண்ணாவே கெடக்கட்டுமேன்னேன். அவரு யோசிச்சுட்டு சொன்னாரு: "அக்கா, மொதப் பங்கு வீடு. கம்ப்யூட்டரு குடியிருக்குற எடம், நீங்க அதுல கை வைக்க வேணாம். ரெண்டாவது வயல், நீங்க பதியிறது எல்லாம் அதுல விழும். மூணாவது களம், வெட்டி ஒட்டி சுத்தம் பண்ணி முடிஞ்சத அங்க கொண்டுபோய்ச் சேத்துருங்க. என்னைக்காச்சும் கம்ப்யூட்டருக்கு சீக்கு வந்தா வீட்ட மட்டும் கழுவி விட்டுருவேன், வயலும் களமும் அப்புடியே இருக்கும். அதுவுமில்லாம பாட்டு பதியிறப்ப தொடர்ச்சியா எடம் வேணும், வீட்டுச் சாமானோட கலந்து கெடந்தா தட்டுத் தடுமாறும்."

அன்னைக்குப் புரிஞ்ச மாதிரி எனக்கு எதுவும் புரிஞ்சதில்ல. வீடு, வயல், களம். இதவிட யாரு சொல்லிக் குடுப்பா? அவரு அதோட விடல. ஒரு தாள்ல என்னென்னமோ எழுதி, "முக்கியமானதெல்லாம் இதுல இருக்குக்கா"ன்னு திரைக்கு மேல ஒட்டிட்டுப் போனாரு. நான் ஆயுத பூசைக்கு அதுக்கு சந்தனம் குங்குமம் வச்சேன். ரெண்டு வருசம் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

ஒரு தடவ ஒரு வேலையா வந்தவரு, களத்துல எடம் பத்தலன்னு வரப்பத் தள்ளி வச்சுக் குடுத்தாரு. திரையில நீளமா ஒரு பட்டை, மூணு நெறத்துல. ரெண்டு நெறத்துக்கும் நடுவுல ஒரு கோடு. அந்தக் கோட்டப் புடிச்சு இழுத்தாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சி.டி.யில எதையோ எடுத்து எடுத்து வச்சாரு. அது எனக்குப் பெருசாத் தெரியல. வரப்பு நவுந்ததுதான் கண்ணுல நின்னுச்சு.

இப்ப உபதேசியார் கதைக்கு வர்றேன். திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமத்துக் கோயில்ல உபதேசியாரு, பாதிரியாருக்கு அடுத்தபடியா பாட்டு, செபம்னு பாத்துக்குறவரு. அவங்கள்ல சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவாங்க. வயசு அறுபது கிட்ட. முப்பது வருசமா அந்தக் கோயில்ல பாடுனது அவரு குரல்தான். தொண்டையில கட்டி. மெட்ராஸ்ல ஆபரேசன், குரல்வளையவே எடுத்துருவாங்கன்னு சொல்லிட்டாங்க. தை மாசம் மவளுக்குக் கல்யாணம். மவன் குவைத்துல, லீவு கெடைக்கல. அதனால குரல் இருக்குறப்பவே எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுரலாம்னு பொண்டாட்டியோட வந்தாரு.

மூணு நாளு வந்தாரு. ஞாயித்துக்கெழமப் பாட்டெல்லாம் பாடுனாரு. நடுவுல தண்ணி குடிச்சுக் குடிச்சுப் பாடுவாரு. குரலு கொஞ்சம் கரகரப்புதான், ஆனா இழுத்து எறக்குறப்ப கேட்டுக்கிட்டே இருக்கலாம். மூணாவது நாளு மவனுக்குப் பேசுனாரு. அப்பறம் கல்யாணத்தன்னைக்கு பொண்ணு மாப்புள தலையில கை வச்சு என்ன சொல்லணுமோ, அந்த ஆசீர்வாதத்தச் சொன்னாரு. அந்த அம்மா அப்ப வெளிய வாசல்ல உக்காந்திருந்தாங்க. அவரு அழுவல. நான்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுதேன்.

நாலாவது நாளு, சாயங்காலம் மெட்ராஸுக்கு ரயிலு. ஒரே ஒரு பாட்டு பாக்கி, அவங்க அம்மாவுக்குப் புடிச்சதுன்னு வந்தாரு. செவப்பு வட்டத்த அமுக்குறேன், பதிய மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்சு போச்சு, வயல் ரொம்பிருச்சு. ரெண்டு வருசமா சோம்பேறித்தனமா பழைய விளம்பரத்த எல்லாம் அங்கயே போட்டு வச்சிருந்தேன். களமும் ரொம்பி வழியிது. வீட்டுப் பக்கம் மட்டும் கொல்லை காலியாக் கெடக்குது.

மன்னார்குடித் தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, எதையும் தொடாதீங்க. காலையில வந்து எல்லாத்தையும் சி.டி.யில எடுத்துட்டுச் செய்யிறேன்"னாரு. அவரு தெளிவாச் சொன்னாரு, அவரு மேல ஒரு குத்தமும் இல்ல.

உபதேசியாரும் சொன்னாரு. "எடம் இல்லன்னா விட்டுருங்கம்மா. வந்த வரைக்கும் போதும். கர்த்தர் குடுத்தது அவ்வளவுதான்னு நெனச்சுக்குறேன்."

பரண்ல பழைய டேப் ரெக்கார்டரு கெடந்துச்சு. எறக்கி ரெண்டு பொத்தான அமுக்கியிருந்தா அந்த ஒரு பாட்டும் வந்திருக்கும். எனக்கு அது தோணவே இல்லன்னு சொன்னா பொய்யி. தோணுச்சு. ஆனா அதுக்கு முந்தின நாளுதான் அவரு பொண்டாட்டிகிட்ட சொன்னாரு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்: "பாத்தியா, இந்த அம்மா எவ்வளவு படிச்சிருந்தா இந்த மெசினெல்லாம் ஓட்டுவாங்க." படிச்சவ பரண்ல ஏறி டேப் ரெக்கார்டர எறக்குவாளா?

"இருங்கய்யா, ஒரு நிமிசம்"னேன்.

எனக்கு ஒரே கணக்குதான். எங்க மாமனாரு வருசா வருசம் நட்ட பயிரு நிக்கிறப்பவே அண்டை வெட்டுறேன், வரப்போரத்தச் செதுக்குறேன்னு மம்பட்டியோட போயி, பக்கத்துக்காரன் வரப்ப ஒரு சாண் தள்ளிட்டு வருவாரு. பயிரு ஒண்ணும் சொன்னதில்ல. பட்டாவுல ஒரு எடம், நெசத்துல ஒரு எடம், அது பாட்டுக்கு வெளஞ்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துக்காரன்தான் கத்துவான். இங்க பக்கத்துக்காரன் யாரு? வீடும் நம்மளது, வயலும் நம்மளது. தள்ளுனா என்ன?

பட்டையக் கொண்டாந்தேன், கோட்டப் புடிச்சு இழுத்தேன். ஒரு பொட்டி வந்துச்சு. மஞ்ச முக்கோணம், அதுல ஒரு கோடு, பக்கத்துல ரெண்டு மூணு வரி எழுத்து. கீழ ரெண்டு பொத்தான்.

இப்ப நல்லா கேட்டுக்கங்க ரெண்டு பேரும். என் நாக்காலிக்குப் பக்கத்து நாக்காலியில ஒரு மனுசன் உக்காந்திருக்காரு. முப்பது வருசம் பைபிள் வாசிச்ச மனுசன். மடியில கண்ணாடிக் கூடு இருக்கு. ஐயா, இத என்னன்னு பாருங்கன்னு நான் கேக்கல. வாசிக்கிற மாதிரி கண்ண இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டிட்டு, "உம், சரி"ன்னு வாயாலயும் சொல்லிட்டு, மொதப் பொத்தான அமுக்குனேன்.

அது ஒரு தடவ அணஞ்சு எரிஞ்சுச்சு. நீலமாத் திரை. கீழ எண்ணு ஏறுது. பத்து, இருவது, முப்பது, நாப்பது. நாப்பதுல நின்னுச்சு. கால் மணி, அர மணி, நாப்பதுலயே நிக்கிது. அவரு பொண்டாட்டி வாசல்ல நின்னு கடியாரத்தப் பாக்குறாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது, மேல ஃபேன் சுத்துது. சிக்கிக்கிச்சு, ஒரு தடவ அணச்சுப் போட்டா சரியாப் போவும்னு நானே முடிவு பண்ணி, கீழ குனிஞ்சு யு.பி.எஸ். சுவிட்ச அமுக்கிட்டேன்.

திருப்பிப் போட்டா, வீடு வந்துச்சு. வயலக் காணோம்.

அவருகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்கய்யா. நீங்க பாடுனதெல்லாம் பத்திரமா இருக்கு. நிம்மதியாப் போயிட்டு வாங்க." அவரு கும்புட்டாரு. பேசுற குரல்ல எங்கிட்ட கடைசியா அவரு சொன்னது, "ரொம்ப உபகாரம்மா"ன்னு.

மறுநா மன்னார்குடித் தம்பி வந்தாரு. ரெண்டு நாளு தலைய நிமித்தாம உக்காந்து பாத்தாரு. வரப்பு பாதி தூரம் வந்து நின்னு போச்சு, பயிரு இங்கயும் இல்ல அங்கயும் இல்லன்னாரு. "சி.டி. எடுக்காம வரப்பத் தொடாதீங்கன்னு இங்கயே எழுதி ஒட்டியிருக்கேனேக்கா"ன்னு அந்தத் தாளக் காட்டுனாரு. குங்குமத்துல பாதி எழுத்து மறஞ்சிருந்துச்சு. "பாதியில எப்புடிக்கா நின்னுச்சு?"ன்னாரு.

"கரண்டு போச்சு தம்பி"ன்னேன்.

"யு.பி.எஸ். இருக்கே?"

"அதும் அமந்து போச்சு."

அந்த யு.பி.எஸ். அவரு வாங்கிக் குடுத்தது. என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்தப்பவே எனக்குத் தெரியும், இது யாரு தலையில போயி விழப்போவுதுன்னு. மொதலாளி சிங்கப்பூர்லேர்ந்து போன்ல அந்தத் தம்பியப் புடி புடின்னு புடிச்சாரு. சொத்தைச் சாமானத் தலையில கட்டிட்டியாடான்னாரு. இனிமே நம்ம கடைப் பக்கம் வராதன்னுட்டாரு. அந்தத் தம்பி யு.பி.எஸ்ஸக் கழட்டி, வண்டியில முன்னாடி வச்சுக் கட்டிக்கிட்டாரு. போறப்ப, "இது நல்லாத்தான்க்கா ஓடுது, நேத்தே சோதிச்சுட்டேன்"னு மட்டும் சொன்னாரு. நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஒரு மாசங் கழிச்சு உபதேசியாரும் அந்த அம்மாவும் வந்தாங்க. கழுத்துல வெள்ளத் துணி சுத்தியிருந்தாரு. மூச்சு அதுக்குள்ளேர்ந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது. கையில புள்ளைங்க வச்சிருக்குற மாதிரி சிலேட்டு, கயித்துல கட்டுன பலப்பம். நான் ஒத்திகை பாத்து வச்சிருந்தத எடுத்து விட்டேன். கரண்டு போச்சுங்கய்யா, மெசினு கெட்டுப் போச்சுங்கய்யா, நாங்க என்ன பண்றதுன்னு. எல்லாம் போயிருச்சுன்னு வாய் விட்டுச் சொல்லல. அத மட்டும் முழுங்கிட்டேன்.

அவரு சிலேட்டுல எழுதி எம்பக்கம் திருப்புனாரு.

நான் பாத்தேன். துக்கம் விசாரிக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு, மெதுவாத் தலைய ஆட்டுனேன். ஆமாங்கய்யான்னேன்.

அவரு மூஞ்சி இருக்கே. அப்புடி ஒரு வெளிச்சம். பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தாரு, அவங்களும் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. துணியால சிலேட்டத் தொடச்சு, அவசர அவசரமா இன்னொண்ணு எழுதிக் காட்டுனாரு. நான் அதுக்கும் தலைய ஆட்டுனேன். பெரிய மனுசன், மன்னிச்சு விட்டுட்டாரு, அதத்தான் எழுதுறாருன்னு நெனச்சேன். மனசு லேசாயிருச்சு. "இருங்க, டீ சொல்லிட்டு வர்றேன்"னு கீழ எறங்கிப் போனேன். போறப்ப படியில பாட்டு வேற வருது வாயில.

டீயோட வர்றேன். அவரு நாக்காலிய ஸ்பீக்கருகிட்ட இழுத்துப் போட்டு உக்காந்திருக்காரு. அவரே ஹெட்போன எடுத்து மாட்டிக்கிட்டாரு. கண்ண மூடிக்கிட்டாரு. ரெண்டு கையும் மடியில இருக்கு.

கையில டீ கிளாசு சுடுது, கீழ வைக்கத் தோணல. அந்த அம்மாவப் பாத்து மெதுவாக் கேட்டேன், "ஐயா என்ன எழுதுனாரு?"

அவங்களுக்கு மொதல்ல புரியல. "நீங்கதான படிச்சீங்க. ஒரு பாட்டாச்சும் மிச்சம் இருக்கான்னு கேட்டாரு, இருக்குன்னீங்க. போடுங்க கேக்கலாம்னாரு, சரின்னீங்க."

நான் தரையில உக்காந்துட்டேன். டீ எங்க ஊத்துச்சுன்னு தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாதும்மான்னேன். அந்த வார்த்தைய வெளி ஆளுகிட்ட நான் சொன்னது அதுதான் மொதத் தடவ. அதுக்கப்பறம் எல்லாம் வந்துருச்சு. கரண்டு போவல, நானே அணச்சேன், அந்தத் தம்பி தொடாதன்னு சொன்னாரு, நான்தான் தொட்டேன், ஒண்ணுமே இல்ல, ஒரு பாட்டும் இல்ல, ஆசீர்வாதமும் இல்ல. அவரு ஹெட்போனக் கழட்டாமயே உக்காந்திருந்தாரு. நான் அவரு பொண்டாட்டிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன், அவருக்கு விழுந்துச்சோ இல்லையோன்னு இருந்தேன். விழுந்திருக்கு. கண்ணத் தொறந்து, ஹெட்போனக் கழட்டி, வொயர நல்லா சுத்தி, எடுத்த எடத்துலயே மாட்டுனாரு.

அப்பறம் ரொம்ப நேரம் எழுதுனாரு. எழுதி எங்கிட்ட காட்டல. அந்த அம்மாகிட்ட குடுத்தாரு. அவங்க வாசிச்சாங்க.

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேனே."

அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

அன்னைக்கே சிங்கப்பூருக்கு போன் போட்டு மொதலாளிகிட்ட உண்மையச் சொன்னேன். வேலைய விட்டு நிறுத்திருவாருன்னு நெனச்சேன், நிறுத்தல. அந்தத் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்கக்கா, நான் சொல்ல மாட்டேன்னுட்டாரு. மன்னார்குடிக்கு பஸ் ஏறிப் போனேன். கடையில கும்பலா ஆளு இருக்கு. எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். அவரு ஸ்குரூ டிரைவரக் கீழ வைக்காமயே, "சரிக்கா"ன்னாரு. மொதலாளி கூப்புட்டும் நம்ம ஸ்டுடியோவுக்கு அவரு திரும்ப வரல. அது அவரு இஷ்டம், நான் என்னத்தச் சொல்ல முடியும்.

அதுக்கப்பறம் திரையில பொட்டி வந்துச்சுன்னா, ரூம்ல யாரு இருந்தாலும் கூப்புடுவேன். வாங்க, இதக் கொஞ்சம் சத்தமா வாசிங்க. ஒரு தடவ ஆட்டுச் சந்தை விளம்பரத்துக்கு வந்த ஆளு சிரிச்சான். "என்னக்கா, ரெக்கார்டிங் தியேட்டரு வச்சிருக்க, படிக்கத் தெரியாதா?" தெரியாது, நீ வாசின்னேன். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறான், படிப்புல அவனும் எனக்குச் சித்தப்பன்தான். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு வழியா புரிஞ்சுக்கிட்டு அமுக்குனோம். ஒங்களுக்கும் அதத்தான் சொல்றேன். படிச்சிருக்கோம்ங்குறதுக்காகப் படிக்காம இருக்காதீங்க. புரியலன்னா பக்கத்துல இருக்குற ஆளக் கேளுங்க. கேக்குறதுக்கு வெக்கப்பட்டா அதோட போவாது, அதுக்கப்பறம் அதவிடப் பெரிய வெக்கமாத் தேடி வரும். சி.டி.யோ பென் டிரைவோ என்ன எழவோ, வேற எடத்துல ஒண்ணு எடுத்து வச்சுட்டுத்தான் வரப்புல கை வைக்கணும். இது அந்தத் தம்பி எழுதி ஒட்டுனது, நான் சொல்றது இல்ல.

தை மாசம் பத்திரிக வந்துச்சு. உபதேசியார் வீட்டுலேர்ந்து, என் பேரு போட்டு. பக்கத்து டீக்கடையில குடுத்து வாசிக்கச் சொன்னேன். பொடவகூட எடுத்து வச்சேன். போவல. எந்த மூஞ்சியோட போறது?

நாலஞ்சு மாசங் கழிச்சு அந்த அம்மாவ திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். மறைஞ்சுக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அவங்க பாத்துட்டாங்க. ஏன் வரலன்னு கேக்கல. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுன்னாங்க. கோயில்ல ஆசீர்வாதத்துக்கு அவரு போயி பொண்ணு மாப்புள தலையில கை வச்சாராம். வாயும் அசையிதாம். கோயிலே அமைதியா இருக்கு, ஐயரு, அவங்க பாதிரியார அப்புடித்தான் சொல்லுவாங்க, புஸ்தகத்த மூடிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறாரு. எங்க முடியிதுன்னு யாருக்கும் தெரியல. எவ்வளவு நேரம்னு கணக்கு இல்லையாம். கடைசியில பொண்ணுதான் நிமிந்து, போதும்ப்பான்னு அவரு கையப் புடிச்சு எறக்கி விட்டாளாம்.

அந்த ஆசீர்வாதத்த அவரு வாயால, காதால கேட்ட ஆளு நான் ஒருத்திதான். பொண்ணு கேக்கல, மாப்புள கேக்கல. ஒரு தடவ கேட்டா எனக்கு மறக்காதுன்னு சொன்னேன்ல, இன்னைக்கும் ஒரு வார்த்தை விடாம இருக்கு. ஆனா அத என் குரல்ல போயி அவங்ககிட்ட எப்புடிச் சொல்லுவேன்? சொல்லியிருக்கணுமோ என்னமோ. நீ என்ன நெனக்கிற நிர்மலா... இரு, இரு. மேல தூத்தலா போடுது? மொளகா காயப் போட்டுருக்கேன்டி மாடியில. ரெண்டு பேரும் பாய ஆளுக்கு ஒரு மொனை புடிங்க, வாங்க.